நுரையில் ஏறும் கரி: நிலக்கரிப் பொடியைக் குமிழியால் கழுவுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்க்கண்டில், தாமோதர் நதியை ஒட்டிய கரி வயல்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கரி கழுவும் ஆலையை அங்கே எல்லோரும் 'வாஷரி' என்றுதான் சொல்வார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும், புதிதாக வாஷரியில் சேரப்போகும் தம்பிகளும் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன்.

நிலக்கரியைக் கழுவுவதா? எதற்கு?

வெட்டியெடுத்த நிலக்கரியில் எரிகிற பொருள் மட்டும் இருப்பதில்லை. களிமண், மணல், களிப்பாறைத் துணுக்கு எல்லாம் கலந்திருக்கும். கரி எரிந்த பிறகு இவைதான் சாம்பலாக நிற்கும். அடுப்பில் எரிப்பதானால் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டுப் போகலாம். இரும்பு உருக்கும் ஊதுலையில் அப்படி முடியாது. கரியைக் காற்றில்லாமல் சுட்டு கோக் ஆக்கித்தான் ஊதுலையில் போடுகிறார்கள். கரியில் இருந்த சாம்பல் அத்தனையும் கோக்கில் தங்கிவிடும். அதை உருக்கிக் கசடாக வெளியேற்றவே தனியாகச் சுண்ணாம்புக்கல்லும் மேற்கொண்டு கோக்கும் செலவாகும்.

ஜார்க்கண்டின் ஜரியா வயல்தான் நம் நாட்டின் முதன்மையான கோக்கிங் நிலக்கரி இருப்பு. ஆனால் கோண்டுவானா எனும் பழம்பெரும் நிலத்தொகுதியின் காலத்து இந்தியக் கரியில் மண் வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, உள்ளே ஊடுருவிக் கிடக்கிறது. வெள்ளம் அடித்துவந்த மரஞ்செடிகளோடு வண்டலும் சேர்ந்து படிந்ததால் இப்படி ஆனது என்பது புவியியலாளர் பலரின் விளக்கம். கோக்கிங் கரிக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் தரப் பெயர்களே இந்தக் கதையைச் சொல்லிவிடும். சாம்பல் 15 சதவீதத்துக்குள் என்றால் ஸ்டீல் கிரேடு 1. 15 முதல் 18 வரை ஸ்டீல் கிரேடு 2. அதற்கு மேல் 35 வரைக்கும் வருகிற நான்கு தரங்களுக்குமே பெயர் 'வாஷரி கிரேடு'. கழுவாமல் உருக்காலைக்கு அனுப்ப முடியாது என்பது பெயரிலேயே இருக்கிறது. நாம் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோக்கிங் கரி வாங்குவதற்கு இந்தச் சாம்பல் ஒரு பெரிய காரணம்.

பெரிய கரியைக் கழுவுகிற முறையிலேயே பொடியையும் கழுவினால் என்ன?

அரிசியில் கல் அரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கல் கனம், அரிசி லேசு. தண்ணீரில் சுழற்றி ஊற்றினால் அரிசி முன்னே வரும், கல் பின்தங்கும். பெரிய கரியைக் கழுவுவதும் இதே தத்துவம்தான். கரியின் அடர்த்தி ஏறக்குறைய 1.3, மணலுடையது 2.65. மேக்னடைட் எனும் இரும்புத் தாதுப் பொடியைத் தண்ணீரில் கலந்து இரண்டுக்கும் இடைப்பட்ட கனத்தில் ஒரு நீர்மம் தயாரித்தால், கரி மேலே நிற்கும், கல் அடியில் போகும்.

சரி, மாவில் மண் விழுந்துவிட்டால் அரித்து எடுக்க முடியுமா? அரை மில்லிமீட்டருக்குக் கீழே போன கரிப்பொடியின் கதையும் அதுதான். அந்த அளவில் கனத்தைவிடத் தண்ணீரின் இழுவைதான் பெரிது. 0.05 மி.மீ. மணல் துகளும் 0.12 மி.மீ. கரித் துகளும் அசையாத தண்ணீரில் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் இறங்கும், நொடிக்கு சுமார் 2 மில்லிமீட்டர். வேகத்தை வைத்து எது கரி, எது மணல் என்று பிரிக்க வழியில்லை. அதனால் எடையை விட்டுவிட்டு, துகளின் மேற்பரப்பைப் பார்த்துப் பிரிக்கிற ஒரு முறை தேவைப்படுகிறது.

குமிழி எப்படிக் கரியை மட்டும் தூக்குகிறது?

சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனையாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். பக்கத்தில் இருக்கும் கல்லில் ஊற்றினால் ஈரம் பரவிவிடும். கரியின் மேற்பரப்பு இலையின் சாதி, அதாவது நீர்வெறுக்கும் தன்மை உடையது. மணலும் களிமண்ணும் கல்லின் சாதி, நீர்விரும்பிகள்.

இரண்டையும் தண்ணீரில் கலக்கி அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டால், குமிழியில் மோதுகிற கரித் துகள் தன்மேல் இருக்கும் நீர்ப்படலத்தை விலக்கிவிட்டுக் காற்றோடு ஒட்டிக்கொள்ளும். மணலைச் சுற்றிய நீர்ப்படலம் விலகாது. அது குமிழியில் மோதினாலும் நழுவிக் கீழே போய்விடும். கரியைச் சுமந்த குமிழிகள் மேலே வந்து கறுப்பு நுரையாகத் திரளும். அந்த நுரையை வழித்தெடுத்தால் கழுவிய கரி. தொட்டியின் அடியில் வெளியேறுவது கழிவுச் சேறு.

வாயு என்று சொல்கிறார்களே, எந்த வாயு?

இன்றைக்கு வாஷரிகளில் வெறும் காற்றுதான். ஆனால் தொடக்கம் அப்படி இல்லை. 1877-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பெசல் சகோதரர்கள் கிராஃபைட்டைச் சுத்தம் செய்யக் காப்புரிமை வாங்கினார்கள். எண்ணெய் கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் எழும் குமிழிகளால் கிராஃபைட்டை மிதக்கவிட்டார்கள். அடுத்து 1886-இல், சுண்ணாம்புக் கார்பனேட்டின் மேல் அமிலம் ஊற்றி வரும் கரியமில வாயுவைக் குமிழியாக்கினார்கள். 1900களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்தில், மலைபோலக் குவிந்து கிடந்த கழிவிலிருந்து துத்தநாகத்தை மீட்டதும் இதே அமில, கரியமில வாயு முறையில்தான். பிறகுதான் காற்றை இயந்திரத்தால் அடித்து நுண்குமிழியாக்கும் வித்தை வந்தது. நிலக்கரிக்கு இம்முறை ஆலை அளவில் பரவியது 1920களை ஒட்டி. கிராஃபைட்டும் கரியும் ஒரே கார்பன் குடும்பம். குமிழியில் முதலில் ஏறியது அந்தக் குடும்பத்துப் பொருள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

பிளஸ் டூ வேதியியலில் கேலினா எனும் ஈயத் தாதுவுக்குப் படித்த நுரை மிதப்பு முறைதானே இது?

அதேதான், ஒரு முக்கியமான வித்தியாசத்தோடு. கேலினா போன்ற சல்பைடு தாதுக்கள் தாமாக மிதப்பதில்லை. சாந்தேட் போன்ற சேகரிப்பானை, அதாவது துகளைக் குமிழியில் ஒட்டவைக்கும் ரசாயனத்தைப் போட்டு அவற்றின் மேற்பரப்பை நீர்வெறுக்கும்படி மாற்ற வேண்டும். நல்ல கோக்கிங் கரி பிறவியிலேயே நீர்வெறுப்பி. அதற்கு டீசலோ மண்ணெண்ணெயோ கொஞ்சம் போதும். எண்ணெய் கரியின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, ஏற்கெனவே இருக்கும் குணத்தைத் தூக்கிக்கொடுக்கிறது. ஒரு டன் உலர்ந்த கரிக்கு ஒரு கிலோவை ஒட்டிய டீசல் என்பது வழக்கமான அளவு.

நுரைப்பான் தனி. பைன் எண்ணெய், எம்.ஐ.பி.சி. எனும் ஆல்கஹால், கிளைகால் வகைகள் எல்லாம் இதற்குப் பயன்படுகின்றன. சேகரிப்பானில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் தேவைப்படும். அதன் வேலை, குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடாமல் சின்னதாகவே வைத்திருப்பது. உப்புத் தண்ணீருக்கும் இந்தக் குணம் உண்டு. கடலலையின் வெள்ளை நுரை சற்று நேரம் நின்று கலைவதையும், ஆற்றுச் சலசலப்பின் குமிழி உடனே உடைவதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். ஆஸ்திரேலியாவில் உப்புநீர் பயன்படுத்தும் வாஷரிகளுக்கு நுரைப்பான் குறைவாகவே செலவாகிறது.

நுரையைப் பார்த்தே தொட்டி சரியாக ஓடுகிறதா என்று சொல்ல முடியுமா?

பழகிய கண்ணுக்கு முடியும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆபரேட்டர் ஒருவர், ஆய்வகத்திலிருந்து சாம்பல் அறிக்கை வருவதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் ஒன்றிரண்டு புள்ளிதான் தள்ளி இருக்கும்.

அவர் முதலில் நிறத்தைப் பார்ப்பார். நல்ல நுரை அடர்கறுப்பாக, வெளிச்சம் பட்டால் மினுங்கும். பழுப்போ சாம்பல் நிறமோ கலந்தால் களிமண் ஏறுகிறது என்று பொருள். பிறகு தொட்டியின் விளிம்பில் கையை நீட்டி ஒரு விரற்கடை நுரையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்ப்பார். கரி நறநறக்கும். களிமண் சோப்பு போல வழுக்கும். கடைசியாக, நுரை விளிம்பைத் தாண்டி எப்படி விழுகிறது என்று பார்ப்பார். தயிர்க்கட்டி போலக் கனத்து மெதுவாகச் சரிந்தால் நல்லது. மோர் போல ஓடினால், தண்ணீரோடு சேர்ந்து சாம்பலும் ஓடுகிறது. டீசல் மிஞ்சிவிட்டால் நுரை எண்ணெய்ப் பளபளப்போடு தட்டையாகி, குமிழிகள் பட்பட்டென்று உடைந்து, தூக்கி வந்த கரியை மறுபடி தொட்டியிலேயே கொட்டிவிடும்.

இன்று கேமரா வைத்து நுரையைக் கணிக்கும் கருவிகள் வந்துவிட்டன. நல்லதுதான். இருந்தாலும் புதிதாகச் சேர்பவர்கள் முதல் மாதம் விரலால் தேய்த்துப் பழகிவிட வேண்டும் என்பேன்.

எவ்வளவு கரி மீண்டது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மூன்று மாதிரிகளின் சாம்பல் தெரிந்தால் போதும்: உள்ளே போவது, நுரையில் வருவது, கழிவில் போவது. எடுத்துக்காட்டாக, உள்ளே 25 சதவீதம், நுரையில் 12, கழிவில் 60 என்று வைத்துக்கொள்வோம். கழிவுச் சாம்பலிலிருந்து உள்ளே போன சாம்பலைக் கழித்தால் 35. கழிவுச் சாம்பலிலிருந்து நுரைச் சாம்பலைக் கழித்தால் 48. முப்பத்தைந்தை நாற்பத்தெட்டால் வகுத்தால் 0.729. அதாவது 100 டன் போட்டால் ஏறத்தாழ 73 டன் நுரையில் வரும்.

இதில் எரியும் பொருள் எவ்வளவு மீண்டது என்பதே உண்மையான கேள்வி. உள்ளே 75 டன் எரியும் பொருள் இருந்தது. நுரையில் 73 டன்னில் 88 சதவீதம், அதாவது 64 டன். மீட்பு சுமார் 85 சதவீதம். மீதி 11 டன் நல்ல கரி கழிவோடு போகிறது. கழிவின் சாம்பல் 60-லிருந்து 45-க்கு இறங்கினால், கழிவுக் குட்டைக்குப் போகும் கரி எவ்வளவு கூடும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நுரையின் சாம்பலைப் பார்த்து நிம்மதியாகிவிட்டு, கழிவு மாதிரியை எடுக்காமலே விடும் ஷிப்டுகளைப் பார்த்திருக்கிறேன். பணம் போவது அந்தக் குழாய் வழியாகத்தான்.

நேற்று நன்றாக மிதந்த கரி இன்று ஏன் மிதக்க மறுக்கிறது?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். இதற்கான பதில் மிதப்புத் தொட்டிக்குள் இல்லை, கரிமேட்டில் இருக்கிறது.

வெட்டிய கரி காற்றும் ஈரமும் படக் கிடந்தால் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறும். கார்பாக்சில், ஃபீனால் போன்ற தொகுதிகள் அங்கே உண்டாகும். அவை தண்ணீரை இழுப்பவை. உள்ளே கரி அதே கரிதான். சாம்பலும் கூடவில்லை. ஆனால் தோல் மாறிவிட்டது. நீர்வெறுத்தது நீர்விரும்பியாகிவிட்டால் குமிழி அதை அடையாளம் காணாது. டீசலும் அதன்மேல் படராது. பொடிக்குப் பரப்பு அதிகம் என்பதால் பெரிய கட்டியைவிட வேகமாகக் கெடும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், ஒரு மழைக்காலத்தில் ரேக் (சரக்கு ரயில்) தட்டுப்பாட்டால் கரி பல வாரம் வெளியே குவிந்து கிடந்தது. மறுபடி ஓட்டியபோது நுரை வெளுத்து நின்றது. மேலிருந்து வந்த உத்தரவு, 'டோஸ் ஏத்து'. டீசலை இரண்டு மடங்காக்கினோம். மீட்பு கொஞ்சமே ஏறியது. நுரை உடைந்ததுதான் மிச்சம். பழைய கரியைத் தனியே பிரித்து, புதிய கரியோடு சிறிது சிறிதாகக் கலந்து ஓட்டியபோதுதான் நிலைமை சீரானது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். யாரும் மேட்டைப் போய்ப் பார்க்கவில்லை, நான் உட்பட.

அதனால் சொல்கிறேன்: பொடியைக் காக்கவைக்காதீர்கள். முதலில் வந்தது முதலில் ஓடட்டும். பழைய சேற்றுக் குட்டையைத் தோண்டி மீட்கிறீர்களா, அதற்குத் தனிச் சோதனை, தனிச் சேகரிப்பான். புதுக்கரியின் அளவுகளை அதற்குப் பொருத்திப் பார்ப்பது வீண்.

களிமண் ஏன் நுரையோடு வருகிறது? அதுதான் ஒட்டாதே?

ஒட்டாது, ஆனால் தொற்றிக்கொண்டு வரும். குமிழிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீரில் மிதக்கும் நுண்களிமண் அந்தத் தண்ணீரோடு நுரைக்குள் ஏறிவிடும். இதற்கு நல்ல மருந்து, நுரையின் தலையில் மெல்லத் தண்ணீர் தூவிக் கழுவி இறக்குவது. சாதாரணச் சுழலித் தொட்டிகளில் நுரை ஆழம் குறைவு, இதைச் சரியாகச் செய்ய முடியாது. 1960களில் கனடாவில் உருவான நெடுங்குழாய்த் தொட்டியில் நுரை ஆழமாக நிற்கும், கழுவ முடியும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் உருவான மைக்ரோசெல், ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரேம் ஜேம்சன் 1980களில் கண்டுபிடித்த ஜேம்சன் செல் ஆகியவையும் நுண்கரிக்குப் பெயர்பெற்றவை. ஜேம்சன் செல்லில் சுழலியே கிடையாது. சேற்றுநீரைத் தாரையாகக் குழாய்க்குள் பாய்ச்சுவார்கள். குடத்தில் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குமே, அதுபோல அந்தத் தாரையே காற்றை இழுத்து நுண்குமிழியாக்கிவிடும்.

கந்தகமும் போய்விடுமா?

பைரைட் எனும் இரும்புச் சல்பைடாகத் தனித்து இருக்கும் கந்தகம் ஓரளவு போகும். கரியின் மூலக்கூறோடு பிணைந்த கரிமக் கந்தகம் போகாது. அசாம் கரியில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

நெய்வேலி பழுப்பு நிலக்கரியை இப்படிக் கழுவலாமா?

வேண்டியதும் இல்லை, எளிதும் இல்லை. நெய்வேலிக் கரியின் சிக்கல் சாம்பல் அல்ல, ஈரம். வெட்டியெடுக்கும்போது எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். இளங்கரி என்பதால் ஆக்சிஜன் தொகுதிகள் பிறவியிலேயே நிறைய. பழைய கரிமேட்டுக்கு நேர்ந்தது இதற்குப் பிறக்கும்போதே நேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசலைக் குடித்துக்கொண்டே இருக்கும், மிதக்காது.

எண்ணூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களுக்கு வரும் கரி?

ஒடிசாவின் தால்சர் பகுதியிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் வருவது சாம்பல் மிகுந்த கரி. மின்நிலையக் கரியைக் கழுவினாலும் பெரிய கட்டிகளைத்தான் கழுவுவார்கள். பொடியை மிதக்கவிடும் செலவு மின்சார விலைக்குக் கட்டாது. தொலைதூர நிலையங்களுக்குப் போகும் கரியில் சாம்பல் 34 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 மே மாதம் விலக்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் மண்ணைச் சுமந்து வந்து, எரித்து, கடற்கரையில் சாம்பல் குளமாகக் கொட்டுகிறோம்.

மிதந்து வந்த கரி ஈரமாக இருக்குமே?

இருக்கும். நுரையை வடிகட்டினாலும் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிற்பது சகஜம். பெரிய கரியோடு கலந்து அனுப்புவதால்தான் சமாளிக்க முடிகிறது. வடிகட்டி சரியில்லாத வாஷரியில் மிதப்புத் தொட்டி எத்தனை நன்றாக ஓடினாலும் பயனில்லை.

கழிவுச் சேறு எங்கே போகிறது?

திக்னர் எனும் பெரிய வட்டத் தொட்டியில் பாலிமர் போட்டுப் படியவைத்து, தெளிந்த தண்ணீரை ஆலைக்கே திருப்புவார்கள். சேறு குட்டைக்குப் போகும், அல்லது ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து கட்டியாகும். நான் பிழியும் கட்சி. குட்டை என்பது மலிவாகத் தெரியும் ஆபத்து. 1972 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்குக்கு மேலே இருந்த கரிக்கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். 2000 அக்டோபரில் கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியில் குட்டையின் அடி பிளந்து, நூறு கோடி லிட்டருக்கு மேற்பட்ட சேறு பழைய சுரங்கம் வழியாக ஓடைகளில் பாய்ந்தது.

தாமோதர் கரையில் வேறொரு காட்சி உண்டு. வாஷரிகளிலிருந்து ஆற்றில் கலந்த கரிச்சேற்றை இடுப்பளவு தண்ணீரில் நின்று வாரி, கரையில் காயவைத்து, சைக்கிளில் கட்டி விற்றுப் பிழைக்கிற குடும்பங்கள். அவர்கள் வாருகிற ஒவ்வொரு கூடையும் தொட்டியில் மிதந்திருக்க வேண்டிய கரி.

இந்த ரசாயனங்கள் ஆபத்தானவையா?

கவனமாக வைத்துக்கொள்ள வேண்டியவை. எம்.ஐ.பி.சி. 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியை விடும். ஜரியா வயல் இருக்கும் தன்பாத் கோடையில் அது சாதாரண வெயில். பீப்பாயை நிழலில் வையுங்கள், பக்கத்தில் வெல்டிங் கூடாது. 2014 ஜனவரி 9 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில், கரி மிதப்புக்குப் பயன்படும் எம்.சி.எச்.எம். எனும் ரசாயனம் சேமிப்புத் தொட்டியிலிருந்து கசிந்து எல்க் ஆற்றில் கலந்தது. சுமார் மூன்று லட்சம் பேரின் குழாய்த் தண்ணீரில் அதிமதுர வாசனை அடித்தது. குடிக்கவோ குளிக்கவோ கூடாது என்று நாள்கணக்கில் தடை. தொட்டியைச் சுற்றி ஒழுங்கான தடுப்புச் சுவர் இருந்திருந்தால் ஆறுவரை போயிருக்காது.

கல்லூரி ஆய்வகத்தில் எளிதாகச் செய்து பார்க்க முடியுமா?

முடியும். அடுப்புக்கரி வேண்டாம், அது துளைகளில் காற்று இருப்பதால் தானாகவே மிதந்து ஏமாற்றும். நிலக்கரிதான் வேண்டும். ஒரு கட்டியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை இடித்துப் பொடியாக்கி மெல்லிய தட்டில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் ஒரு மாதம் வையுங்கள். அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். மறுபாதியைச் சோதனை நாளன்று காலையில் இடியுங்கள். இரண்டையும் ஒரே நைலான் சல்லடையில் சலித்து, மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஒவ்வொரு கரண்டி போட்டு, ஒரே அளவு நுண்களிமண்ணும் முக்கால் பாட்டில் தண்ணீரும் சேருங்கள். பக்கத்தில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும், அரைச் சொட்டு பைன் எண்ணெயும் விட்டு, மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள்.

புதுக்கரி பாட்டிலின் கழுத்தில் விரல் தடிமனுக்குக் கறுப்பு நுரை நிற்கும். கீழே தண்ணீர் செம்மண் கலந்த குட்டைபோல இருக்கும். வெயிலில் கிடந்த கரியின் பாட்டிலில் நுரை வெளுத்திருக்கும், கரியின் பெரும்பகுதி களிமண்ணோடு சேர்ந்து அடியில் படியும். இரண்டும் ஒரே கட்டியிலிருந்து உடைத்தவை என்று பாட்டிலின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். பார்க்க வருகிறவர்கள் நம்பமாட்டார்கள்.